பதிவு பெற்ற அநாமதேயர் பேரவை

‘அப்புறம்?’ என்ற ஒரு சொல்லின் விலை, புதுச்சத்திரம் நிலவரப்படி, நாலாயிரம் ‘அருமை’.

விலை போட்டவர் குணசீலன். அவர் போட்ட விலை லேசில் தப்பாது. முட்டை அடுக்குகிற அட்டை ட்ரேக்களை மொத்தமாக வாங்கிக் கோழிப்பண்ணைகளுக்கு விற்கிறவர். ட்ரேக் கட்டு ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை ட்ரே நனைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் தள்ளுபடி வாங்கியவர் என்று அந்த நெடுஞ்சாலையில் ஒருவரும் கிடையாது. வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் திரிந்தார். அவரை யாரும் நம்பவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கதை எழுதப் போனதற்குக் காரணம் பீங்கான் கப்பு.

‘பவளவீட்டு மருமகள்’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். குணசீலனின் மனைவி வசந்தாமணி தினமும் பார்ப்பார். குணசீலன் பார்க்கமாட்டார், பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பவளவீட்டில் யாருக்கு அதிர்ச்சி வந்தாலும் கையிலிருக்கிற காப்பிக் கப்பு கீழே விழுந்து உடையும். மாமியாருக்கு அதிர்ச்சி, ஒரு கப்பு. நாத்தனாருக்கு அதிர்ச்சி, ஒரு கப்பு. உடைவதை மூன்று பக்கமிருந்து காட்டுவார்கள். குணசீலன் ஒவ்வொரு தடவையும் மூன்று கப்பு என்று நட்டக் கணக்கு போடுவார்.

“வசந்தா, அந்த ஊட்டுல தெனமும் கப்பு ஒடையுது. சமையக்காரன் பொன்னுரங்கம் மறுநாளும் புதுக் கப்புல காப்பி கொண்டாறான். எங்க வாங்கறான்? என்ன வெலைக்கு வாங்கறான்?”

“ஏனுங்க, அவன் காப்பி கொண்டாந்து குடுத்துட்டு ஓரமா நிக்கறதுக்கு வெச்சிருக்கற ஆளுங்க. அவனுக்கு வசனமே கெடையாது. சும்மா பாருங்க.”

சும்மா பார்க்க முடியவில்லை. அந்தத் தொடரின் ரசிகர்கள் தாங்களாகவே கதை எழுதிப் போடுகிற ஆப் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, கடையில் உட்கார்ந்தபடி போனிலேயே எழுதினார். பேர் கேட்டது. அன்றைக்குச் சாரலில் ஒரு லோடு நனைந்து நட்டம். அந்த எரிச்சலில் ‘சாரல்’ என்று போட்டார். அந்தப் பேரில் ஏற்கெனவே ஆள் இருப்பதாகச் சொல்லி, ஆப் தானாகவே ஒரு ‘மதி’யைச் சேர்த்துக்கொண்டது. மீசை வைத்த குணசீலன் சாரல்மதி ஆனது இப்படித்தான். சொந்த விருப்பம் ஏதும் இல்லை.

கதை இது. பொன்னுரங்கம் சனிக்கிழமைதோறும் சரோஜா என்ற பெண்மணியின் பீங்கான் கடைக்குப் போய்க் கப்பு வாங்குகிறார். சரோஜா நாற்பத்தைந்து சொல்வார். பொன்னுரங்கம் முப்பது கேட்பார். அடுத்த வாரமும் அதேதான். ஆனால் வாராவாரம் சரோஜா ஒரு ரூபாய் இறங்குகிறார், பொன்னுரங்கம் ஒரு ரூபாய் ஏறுகிறார். இரண்டு பேருமே இதைக் கவனித்துவிட்டார்கள். இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருக்கிறார்கள். காதல் என்ற சொல் கதையில் எங்கேயும் கிடையாது. பேரம்தான்.

முதல் அத்தியாயத்தை மூன்று பேர் திறந்தார்கள். இரண்டு பேர் கைதவறித் திறந்தவர்கள். மூன்றாமவருக்குப் பேரே இல்லை. கணக்குத் தொடங்காமல் வந்து படிக்கிறவர்களை அந்த ஆப் ‘விருந்தாளி’ என்று மட்டும் காட்டும். அந்த விருந்தாளி ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

‘அப்புறம்?’

அன்றைக்குக் குணசீலன் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை பாக்கியை அவர் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார். கடைவீதியில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

அடுத்த அத்தியாயத்துக்கும் விருந்தாளி வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். புகழ்ச்சி கிடையாது, பூப்படம் கிடையாது. ‘அப்புறம்?’ அவ்வளவுதான். ட்ரே எண்ணும்போதும் குணசீலன் வாய்க்குள் சரோஜா பேச ஆரம்பித்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பேரவை அவரைக் கண்டுபிடித்தது.

‘பவளவீட்டு மருமகள் ரசிகக் கதைஞர் பேரவை, சேலம் நாமக்கல் மண்டலம்’ என்பது முழுப்பேர். தலைவர் ‘வெண்புறா’. செயலாளர் ‘இடிமுழக்கம்’. ஆப்பில் இந்த வட்டாரத்து ஆட்கள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். இல்லாதவர்களின் கதையை மற்றவர்கள் திறக்கக்கூடாது என்று விதி. குணசீலனும் சேர்ந்தார். முதல் சுற்றறிக்கை வந்தது.

‘பேரவையின் உயிர்நாடி அநாமதேயம். உறுப்பினர் யார், எவர் என்று எவருக்கும் தெரியலாகாது. இதனை உறுதிசெய்யும் பொருட்டு, உறுப்பினர்கள் தமது உண்மைப் பெயர், தகப்பனார் பெயர், தொழில், முழு முகவரி, ஆதார் நகல், மார்பளவுப் புகைப்படம் இரண்டு ஆகியவற்றை உடனே செயலாளருக்கு அனுப்பவேண்டியது.’

அனுப்பினார். பதினைந்து நாளில் தபாலில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் வந்தது. ஒரு மூலையில் அவர் போட்டோ, மேலே முத்திரை. ‘இப்படத்தில் காணும் புதுச்சத்திரம் திரு. குணசீலன் என்பவர் அநாமதேயர் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. இதனைப் பலரும் காணும் இடத்தில் மாட்டிவைக்கவும்.’ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடையில் இருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் மாட்டினார். பிள்ளையாருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று பட்டது.

அடுத்து வந்தது கருத்து. ஒருவர் உங்கள் கதைக்குக் கருத்து எழுதினால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீங்கள் அவர் கதைக்குக் கருத்து எழுதவேண்டும். குறைந்தது மூன்று வரி, இரண்டு பூ. குணசீலனுக்கு இது உடனே விளங்கிவிட்டது. மொய். கல்யாணத்துக்கு நூற்றியொன்று வைத்தவருக்கு நாளைக்கு நூற்றியொன்று வைக்கிற அதே ஏற்பாடு. விளங்காதது ஒன்றுதான்: மொய் வைக்க முகூர்த்தத்துக்கு ஒரு தரம் போனால் போதும். இங்கே மண்டலம் முழுக்க நாள்தோறும் முகூர்த்தமாக இருந்தது.

செயலாளர் இடிமுழக்கத்தின் கதை மட்டும் நூறு அத்தியாயத்தைத் தாண்டி ஓடியது. பவளவீட்டு மாமியார் நகராட்சிக்கு அனுப்பும் மனுக்களே கதை. ஒவ்வொரு மனுவுக்கும் மூன்று வரி, இரண்டு பூ.

கருத்துகளுக்குள்ளும் தரம் உண்டு. ‘அருமை’ யாரும் எழுதலாம். ‘மிக அருமை’ எழுத ஆறு மாத அனுபவம் வேண்டும். ‘கண்கள் குளமாயின’ என்பதை எல்லாரும் அள்ளி இறைத்ததால் மதிப்பு விழுந்துபோய், ஆளுக்கு வாரம் இரண்டு என்று கட்டுப்பாடு வந்தது. அதற்கு மேல் கண்கள் குளமானால் முன்அனுமதி வாங்கவேண்டும்.

குணசீலன் நிமிர நேரமில்லாமல் கருத்து எழுதினார். வலது கையில் வியாபாரம், இடது கையில் இலக்கியம். இப்படி நடந்தால் சரக்கு மாறத்தான் செய்யும். பண்ணைக்காரர் செங்கோடன் ஒருநாள், ‘நேத்து வந்த ட்ரேயில பாதி நனைஞ்சு கெடக்குது, காசுல கழிச்சுக்கறேன்’ என்று செய்தி அனுப்பினார். அவருக்குப் போன பதில்: ‘கண்கள் குளமாயின சகோ. இந்த வலியை உங்களைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? அடுத்த பகுதிக்காக ஏங்கிக் காத்திருக்கிறேன்.’

செங்கோடன் இரண்டு முறை படித்தார். காசைக் கழிக்காமல் முழுசாக அனுப்பிவைத்தார். “குணசீலனுக்கு ஊட்டுல என்னமோ சரியில்லீங்க, பாவம்” என்று நாலு பேரிடம் சொன்னார்.

செங்கோடனுக்குப் போகவேண்டிய பதில், ‘பனிப்பூ’ என்ற உறுப்பினரின் கதைக்குப் போயிருந்தது. நாயகி கொட்டும் மழையில் காதலனுக்காகக் காத்து நிற்கும் அத்தியாயம். அதன் கீழே சாரல்மதி: ‘நனைஞ்சதெல்லாம் திருப்பி எடுக்க முடியாது. கொண்டுபோகும்போதே பாத்து எடுத்திருக்கோணும்.’

பேரவை கூடி விவாதித்து, ஆண்டின் மிக நுட்பமான விமர்சனம் அதுதான் என்று முடிவுசெய்து, சாரல்மதிக்கு ‘விமர்சனச் செம்மல்’ பட்டம் கொடுத்தது.

பட்டம் வந்தது. கதை நின்றுபோனது. சரோஜா ஒரு சனிக்கிழமை கப்பை எடுத்து நீட்டி, ‘இன்னைக்குக் காசு வேண்டாமுங்க’ என்று சொன்ன இடத்தில் விட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வரி எழுத நேரமில்லை. கருத்துக் கடன் கழுத்தைப் பிடித்தது. இத்தனைக்கும் அந்த அத்தியாயத்துக்கு நூற்றுக்கணக்கில் ‘அருமை’ வந்து குவிந்திருந்தது. எழுதியவர்களில் பாதிப்பேர் பொன்னுரங்கத்தைப் பெண் என்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

ஒருநாள் போனை எடுத்துப் பார்த்தால், அதே அத்தியாயத்தின் கீழே விருந்தாளி இரண்டாம் முறையாக வந்து நின்றிருந்தார்.

‘அப்புறம்?’

கடன்காரனைப் பார்த்தால் ஒளிகிற குணசீலனுக்கு, இந்த ஒரு கடன்காரர் வாசலில் வந்து நிற்பது சந்தோஷமாக இருந்தது. நாலாயிரம் ‘அருமை’ என்று விலை போட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் இரண்டு சுற்றறிக்கைகள் சேர்ந்து வந்தன. ஒன்று, முடிவு நிர்ணயக் குழுவிடமிருந்து. பொன்னுரங்கம் சரோஜாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கல்யாணக் கட்சியும், பொன்னுரங்கம்தான் மருமகளைப் பெற்ற அப்பா என்று தெரியவர வேண்டும் என்று அப்பா கட்சியும் பேரவைக்குள் மோதிக்கொண்டதால், குழு இரண்டையும் ஏற்றிருந்தது. அவர் கல்யாணமும் செய்துகொள்ள வேண்டும், அப்பாவாகவும் ஆகவேண்டும். வரிசை ஆசிரியரின் சுதந்திரம்.

இரண்டாவது சுற்றறிக்கை: ஆப்பில் இந்த மண்டலத்துப் பக்கம் பேரவையின் பொறுப்பில் இருப்பதால், வரும் பொதுக்குழுவுக்குப் பிறகு அங்கே விருந்தாளிகள் கருத்து எழுதும் வழி மூடப்படும்.

குணசீலன் செயலாளருக்குப் போன் போட்டார். மறுமுனையில் குரல், வாயை மூடிய துண்டு வழியாக வடிகட்டி வந்தது.

“வணக்கமுங்க. இடிமுழக்கமுங்களா?”

“யார் பேசறது? பேரைச் சொல்லாதீங்க!”

“சாரல்மதிங்க.”

“ஓ, முட்டை ட்ரே குணசீலனா? புதுச்சத்திரம்தானே? சொல்லுங்க சாரல்மதி. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“சரிங்க. அந்த விருந்தாளிய நிறுத்தாதீங்க. ஒரே ஒரு சொல்லுதான் எழுதறாரு. யாருக்கு என்னங்க கஷ்டம்?”

“அவர் யாரு?”

“தெரியாதுங்க.”

“பாத்தீங்களா! யாருன்னே தெரியாத ஒருத்தரை எப்படி உள்ள விடறது?”

“இங்க யாருக்குமே யாரையும் தெரியாதுன்னு…”

“நாம பதிவு பெற்ற அநாமதேயங்க, சாரல்மதி. அவர் வெறும் அநாமதேயம். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, யாருன்னு தெரியாத ஆளை நான் எங்க போய்த் தேடறது? உங்களைன்னா வீட்டுக்கே வந்துடுவேன்.”

குணசீலன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“பொதுக்குழுவுல மூணு நிமிஷம் தரேன். வந்து பேசுங்க. முகத்தை மூடிட்டு வரணும்.”

பொதுக்குழு சேலத்தில், ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பிய கணவரை வசந்தாமணி மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு கல்யாணமுங்க?”

“தெரிஞ்சவங்கதான்.”

“என்ன பேரு?”

“பேரு தெரியாது.”

“பேரு தெரியாதவங்களுக்கு எதுக்குங்க நூத்தியொண்ணுக்கு மேல?” என்று சொல்லி, மொய்க் கவரை எடுத்து அவர் சட்டைப்பையில் வசந்தாமணியே செருகிவிட்டார். மண்டபத்துக்குப் போகிற ஆள் வெறும் பையோடு போவது அந்த வீட்டில் கிடையாது.

மண்டபத்தைப் பிடித்தது தலைவர் வெண்புறா. வாடகை பேசும்போது மானேஜர் சொன்னாராம்: மண்டபம், நாற்காலி, இலை, வாசலில் மொய் மேசை, மொய் எழுத மாதையன், அவருக்கு ஒரு மைக், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டு. நமக்கு மொய் மேசை வேண்டாமே என்று தலைவர் கேட்டிருக்கிறார். வேண்டாமென்றாலும் காசில் கழிக்க முடியாது என்று மானேஜர் சொல்லியிருக்கிறார். அப்போ இருக்கட்டும் என்றுவிட்டார் தலைவர். காசு கொடுத்த பொருளை வேண்டாம் என்று சொல்ல அவர் பிறந்த கடையில் யாரும் கற்றுத்தரவில்லை.

காலையில் வாசலில் வரிசை நின்றது. முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, இரண்டு பேர் ஹெல்மெட். எல்லார் நெஞ்சிலும் புனைபெயர் எழுதிய அட்டை. யார் யாரென்று அம்மா வந்தாலும் சொல்லமுடியாது. முன்னால் நின்ற ‘பனிப்பூ’ மேசையை நெருங்கினார். கன்னிப்பெண்களின் மனசை அந்த மண்டலத்திலேயே இவரளவு எழுதியவர் இல்லை. மாதையன் தலையைத் தூக்காமல் கேட்டார்.

“ஊரு பேரு சொல்லுங்க சாமி.”

“ராசிபுரம், நெய்க்கடை மணியன்” என்றது முகக்கவசத்துக்குள்ளிருந்து கட்டைக்குரல். “நூத்தியொண்ணு.”

மாதையன் மைக்கில் திருப்பிச் சொன்னார். சாப்பாட்டுக் கூடம்வரைக்கும் கேட்டது.

அடுத்தது ‘வாள்விழி’. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “கொமாரபாளையம், தறிக்காரர் ஊட்டு மோகனப்பிரியா. எரநூத்தியொண்ணு. எங்க மாமியார் பேருல எழுதாதீங்கண்ணா, என் பேருல எழுதுங்க.”

குணசீலனுக்கு ஆபத்து புரிந்துவிட்டது. வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் மேசைக்கு முன்னால் வந்ததும் மாதையன் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். முப்பது வருசமாகப் பழகிய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

“புதுச்சத்திரம், முட்டை ட்ரே குணசீலன். நூத்தியொண்ணு” என்றவர், அதோடு நிற்காமல், “வசந்தாமணின்னு ஊட்டுக்காரம்மா பேரையும் சேத்துப் போடுங்க” என்றார்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடிமுழக்கம் ஓடிவந்தார். “நிறுத்துங்க! இங்க யாரும் பேர் சொல்லக்கூடாது!”

“பேரில்லாம மொய் எழுதினா, நாளைக்குத் திருப்பிச் செய்யறவங்க யாருக்குங்க செய்வாங்க?” என்றார் மாதையன். “நீங்க இன்னும் வெக்கலைங்களே. ஊரு பேரு சொல்லுங்க சாமி.”

இடிமுழக்கம் உதட்டை இறுக்கிக்கொண்டார். அதற்குள் தலைவர் வெண்புறா காரிலிருந்து இறங்கி, மேசையைத் தாண்டும் வேகத்திலேயே, “அம்மாபேட்டை, வேட்டிக்கடை தீனதயாளன், ஐநூத்தியொண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சொன்னோம் என்பது மேடையில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இப்போது அந்த மண்டபத்தில் மொய் வைக்காத ஒரே ஆள் இடிமுழக்கம். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன் என்ற பேரை எந்த அநாமதேயமும் மூடிவிட முடியாது.

“மேட்டூர் அருணகிரி, கம்பெனி ஆபீஸ் ரிட்டயர்டு” என்றார் அடிக்குரலில். “இருநூத்தியொண்ணு.”

“இருநூத்தியொண்ணுங்களா?” என்று மாதையன் மைக்கில் கேட்டார்.

“ஐநூத்தியொண்ணே போடுய்யா.”

ஆக, பொதுக்குழு தொடங்கும்போது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. இருந்தாலும் விதிப்படி ஒருவரும் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. தலைவர் உரை நிகழ்த்தினார்.

“அன்பர்களே! நாம் எதற்காக எழுதுகிறோம்? இன்பத்துக்காக. பேரவை தொடங்குவதற்கு முன்னால் இந்த மண்டலத்தில் மக்கள் அவரவர் இஷ்டத்துக்கு இன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு இன்பம், அது யார் கணக்கில் வந்தது, எதற்கும் பதிவு கிடையாது. இன்றைக்கு இந்த மண்டலத்தில் பதிவில்லாத இன்பம் ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் உங்கள் அத்தனை பேர் கதைக்கும் கருத்து எழுதுகிறேன். ஒன்றையாவது படித்திருப்பேனா? படிக்க நேரம் ஏது? இதற்குப் பேர்தான் தொண்டு!”

கைதட்டல் அடங்க நேரமானது. இடிமுழக்கம் தீர்மானத்தை வாசித்தார்.

“விருந்தாளிகள் எனப்படுவோர் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, திருப்பிக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் இன்றி, கதைகளை முழுமையாகப் படித்து ரசித்துவருவதாகப் பேரவைக்குத் தொடர்ந்து புகார்கள் வந்துள்ளன. இப்போக்கு உறுப்பினர்களிடையேயும் பரவக்கூடும் என்பதால், மேற்படி வழியை அடைப்பதென்று தீர்மானிக்கப்படுகிறது. ஆட்சேபம் உள்ள ஒரே உறுப்பினர் சாரல்மதி. மூன்று நிமிடம்.”

குணசீலன் மேடையேறினார். பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளிக்கவேண்டும் என்ற விதியால் இரண்டு நிமிடம் அதிலேயே போனது. மீதி ஒரு நிமிடத்துக்கு அவர் தயார்செய்து வந்த நியாயமெல்லாம் மறந்துபோனது. தெரிந்தது ஒன்றுதான் வாயில் வந்தது.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. கதைய மட்டும் சொல்றேன். சனிக்கெழம. கடையில வேற யாருமில்ல. சரோஜா கப்ப எடுத்து நீட்டி, ‘இன்னைக்குக் காசு வேண்டாமுங்க’ங்கறா. பொன்னுரங்கம் எடுத்த காச மறுக்கா எண்ணறாரு. காசு வேண்டாமுன்னா பேரம் இல்ல. பேரம் இல்லைன்னா அடுத்த வாரம் எதுக்கு வாரது? இத்தன நாளும் மத்தவங்க ஒடைச்ச கப்பையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்த ஆளு. அந்தக் கப்ப வாங்கறாரு. வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, சரோஜா மூஞ்சியவே பாக்கறாரு. பாத்துட்டு…”

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. குணசீலன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடினார்.

 ஹெல்மெட்டுகள் அசையவில்லை. பந்தி பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு கதவில் நின்றுவிட்டார்.

“அப்புறம்?”

மைக்கில் வந்த குரல் தலைவருடையது. ஆனால் அவர் மட்டும் கேட்கவில்லை. பனிப்பூ கேட்டார், வாள்விழி கேட்டார், கல்யாணக் கட்சி கேட்டது, அப்பா கட்சி கேட்டது, வாசல் மைக்கில் மாதையன் கேட்டார். மணியைக் கையில் பிடித்தபடியே இடிமுழக்கமும் கேட்டுவிட்டார். ஒரே சொல், ஒரே நேரத்தில், ஒரே பசியில்.

குணசீலன் முகங்களைத் தேடினார். இதில் எது அந்தக் குரல்? முகக்கவசங்கள்தான் தெரிந்தன.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அந்த நொடியில் முப்பது வருசக் கடை நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அப்புறத்துக்கு ஒரு வெலை இருக்குதுங்க” என்றார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தொனி அவருக்குப் புதிதல்ல. முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். “என்ன விலை?”

“விருந்தாளி வாரதுக்குக் கதவு தொறந்திருக்கோணும்.”

“ஒரு மாசம்.”

“போங்க.”

“மூணு மாசம். ஆனா முடிவு குழு சொல்ற முடிவு.”

“முடிவு என்னோடது. கதவும் எப்பவும் தொறந்து கெடக்கோணும். கட்டாதுன்னா சொல்லுங்க, எனக்கு லோடு நிக்குது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைப்படியில் இறங்கினார். ஒரு படி. இரண்டு படி. மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள் எதிராளி கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாவிட்டால் வியாபாரம் போனது போனதுதான். குணசீலன் காலை மெதுவாக நீட்டினார்.

“தலைவரே, கூப்பிடுங்கய்யா!” என்று கூட்டம் கத்தியது.

“பொறுங்க, பொறுங்க. முடிச்சுக்கலாம்” என்றார் தலைவர்.

“விதியில் இதற்கு இடமில்லை…” என்று இடிமுழக்கம் தொடங்கினார்.

“அருணகிரி, சும்மா உக்காருங்க. சாரல்மதி, கதவு தெறந்தாச்சு. அப்புறம்?”

“நாளைக்கு ஆப்ல போடறேனுங்க. மொதல்ல கதவு தொறந்திருக்குதான்னு பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் குணசீலன் பந்திக்குப் போனார்.

பாயசம் வரும்போது மாதையன் வந்து நின்றார். எல்லாரும் எழுதியாகிவிட்டது, பணம் சரியாக இருக்கிறது, ஆனால் மொய் நோட்டின் மேலே மாப்பிள்ளை பெண் பேர் போடவேண்டும், யாரிடம் கேட்டாலும் முழிக்கிறார்கள் என்றார்.  இத்தனை பேர் யாருக்கு மொய் வைத்தோம் என்று அப்போதுதான் யோசித்தார்கள். தலைவர் தன் இலையில் இருந்த அப்பளத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொன்னுரங்கம், சரோஜான்னு போடுங்கண்ணா” என்றார் மோகனப்பிரியா.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. அப்பா கட்சியும்கூட.

“மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க?”

“பவளவீடு.”

“பொண்ணு?”

“பீங்கான் கடை.”

“நல்ல எடந்தான்” என்று எழுதிக்கொண்ட மாதையன், பணப்பையை மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் குணசீலன் கையில் ஒப்படைத்தார்.

மறுநாள் அத்தியாயம் வந்தது. பொன்னுரங்கம் கப்பைக் கையில் வாங்கி, சரோஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கையை விட்டார். அது கடையின் சிமெண்டுத் தரையில் விழுந்து சுக்குநூறானது. அவர் வாழ்நாளில் தானாக உடைத்த முதல் கப்பு. பிறகு கேட்டார்: ‘இன்னொண்ணு என்ன வெலை?’ சரோஜா இன்னொரு கப்பை எடுத்துத் துடைத்தாள். ‘நாப்பத்தஞ்சு’ என்றாள். ‘முப்பது’ என்றார் அவர். முற்றும்.

உறுப்பினர்களிடமிருந்து ஒரு கருத்துகூட வரவில்லை. எல்லாரும் கணக்கை விட்டு வெளியேறி விருந்தாளியாக வந்திருந்தார்கள். வரிசையாக ‘அப்புறம்?’, ‘அப்புறம்?’ என்று இருந்தது. அதில் ஒரு விருந்தாளி மட்டும், ‘பொருள்: பீங்கான் கப்பு தொடர்பாக. பார்வை: தங்கள் முந்தைய அத்தியாயம். அப்புறம்?’ என்று கேட்டிருந்தார். மேட்டூர் ஆள் என்பது குணசீலனுக்குத் தெரிந்தது. மற்றவர்களில் பழைய விருந்தாளி யார் என்று தெரியவில்லை. மேலும் கீழும் இரண்டு முறை பார்த்துவிட்டு, தேடுவதை நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் வசந்தாமணி காப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு ஏதோ அதிர்ச்சி. கப்பு விழுந்தது.

“ஏனுங்க” என்றார் வசந்தாமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சரோஜா கடையில ஒடஞ்ச கப்புக்கு யாருங்க காசு குடுத்தா?”

குணசீலன் பேப்பரை இறக்கினார். சரோஜா என்ற பேரை அவர் அந்த வீட்டில் சொன்னதே இல்லை.

சனிக்கிழமை கடையைப் பூட்டுவதற்கு முன்னால் கணக்கு எழுதினார். ‘அருமை’, ‘மிக அருமை’: கொடுக்கவேண்டியதும் இல்லை, வரவேண்டியதும் இல்லை. ‘அப்புறம்?’: நிறைய. அசல் எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே எடை. மொய் வரவு: எட்டாயிரத்துச் சொச்சம், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரம். உடைந்த கப்பு ஒன்று: விலை பேச்சில் இருக்கிறது. கல்யாணம்: பாக்கி.